மேசைக்கு அடியில் ஒரு விரல்

கேமராவுக்கு மேலே ஒரு குடித்தனம், கேமராவுக்குக் கீழே ஒரு குடித்தனம் என்று அந்த வீட்டில் காலைப் பொழுது நடந்துகொண்டிருந்தது.

மேலே ஆபரேட்டரம்மா. தலையை ஒழுங்காக வாரி, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு, பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். கீழே, மேசை விரிப்பின் மறைவில், குட்டை முக்காலி போட்டு அவள் புருஷன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் குப்பை கொட்டியதால் அவளுக்கு ஆபரேட்டரம்மா என்ற பெயர். லாரி பட்டறையில் ஆயுசைக் கழித்ததால் அவருக்கு ஸ்பேனர். அக்கம்பக்கத்தில் யாருக்கும் நிஜப் பெயர் தெரியாது. தேவையும் படவில்லை.

மேசைமேல் ஒரு டேப்லெட். அதன் பக்கத்தில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. அதிலிருந்து வரும் வயரின் முனையில் விரலில் மாட்டுகிற கிளிப். ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது, நாடி எப்படி ஓடுகிறது என்று அந்த கிளிப் பார்த்துச் சொல்ல, டேப்லெட் அதை ஊருக்கு வெளியே இருந்த வீட்டுச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பிவிடும். அங்கே ஒரு நர்ஸ் உட்கார்ந்து பார்ப்பாள். நுரையீரல் தழும்பேறிப்போன ஆபரேட்டரம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்பது இப்போது அந்தத் திரைதான்.

கிளிப் ஆபரேட்டரம்மாவின் விரலில் இருக்க வேண்டும்.

இருந்ததில்லை. வயர் மேசை விரிப்புக்கு அடியில் நழுவி இறங்கி ஸ்பேனரின் ஆள்காட்டி விரலில் போய் முடிந்தது.

"தொண்ணூத்தேழு!" திரையில் நர்ஸ் முகம் மலர்ந்தாள். "அம்மா, உங்க வயசுக்கு இது சூப்பர் மார்க். நம்ம லிஸ்ட்லயே நீங்கதான் ஃபர்ஸ்ட்."

ஆபரேட்டரம்மா அடக்கமாகச் சிரித்தாள். மேசைக்கு அடியில் ஸ்பேனர் அவள் காலை லேசாகக் கிள்ளினார். மார்க் வாங்கிக் கொடுத்தவருக்குக் கூலி வேண்டாமா?

தொடங்கி வைத்தது பயம்தான். நம்பர் தொண்ணூறுக்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் வார்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது நிலையத்தின் சட்டம். போன தடவை வார்டில் கிடந்தபோது ஸ்பேனரை உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டிவிட்டுப் போவார். பக்கத்துக் கட்டில்காரி, விடியும்வரை தன் பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்து, விடிந்ததும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். வீட்டுக்கு வந்த ஆபரேட்டரம்மா ஒரே ஒரு வரம்தான் கேட்டாள். "செத்தாலும் இங்கியே சாகறேங்க. மறுபடி அங்க மட்டும் அனுப்பாதீங்க."

நம்பர் முதல் தடவை இறங்கிய அன்று ஸ்பேனர் கிளிப்பைக் கழற்றித் தன் விரலில் மாட்டிக்கொண்டார். "உன் விரலென்ன, என் விரலென்ன. கல்யாணத்தன்னிக்குப் புடிச்சது தானே?" என்றார். அத்தோடு நிற்கவில்லை. கேமரா தப்பித் தவறிக்கூடத் தன் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்று டேப்லெட் ஸ்டாண்டை மேசையோடு சேர்த்து, இரட்டை நட்டுப் போட்டு, முறுக்கோ முறுக்கென்று முறுக்கிவிட்டார். லாரிச் சக்கரத்தை முறுக்கிய கை. இனி யானையே வந்து இழுத்தாலும் அசையாது.

"இன்னொரு நல்ல சேதிம்மா," என்றாள் நர்ஸ். "இந்த நம்பரப் பாத்துட்டு டாக்டர் உங்க மெஷினை இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லிட்டார். இங்கருந்தே குறைச்சுடறேன்."

மூலையில் இருந்த ஆக்ஸிஜன் மெஷினின் இரைச்சல் ஒரு படி இறங்கியது. கிளிப் பொய் சொல்லும், மெஷின் அதை நம்பும். பாவம், அதற்கு வேறு யாரைத் தெரியும்? ஆபரேட்டரம்மாவின் நெஞ்சுக்குள் வழக்கமான அந்தக் கயிறு இன்னும் ஒரு சுற்று இறுகியது. சிரித்த முகத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டாள்.

"நாடி மட்டும்தான் அப்பப்ப தாளம் தப்புது. போன மாசம் அனுப்பின நெஞ்சு மாத்திரையை விடாம முழுங்குறீங்களா?"

"முழுங்கறேம்மா." முழுங்கிக்கொண்டுதான் இருந்தாள். முழுங்கிய நாளிலிருந்து தலை கிறுகிறுவென்று சுற்றியது. ஸ்பேனர் அதற்கும் ஒரு ஜோக் வைத்திருந்தார். "என்னைப் பக்கத்துல உக்கார வச்சா உன் நாடி தாளம் தப்பாம என்ன செய்யும்?"

இன்றைக்கும் அப்படி ஏதாவது முணுமுணுப்பார் என்று காத்திருந்தாள். சத்தமில்லை.

காலைக் கிள்ளிய கை அப்படியே அவள் பாதத்தின்மேல் கனமாக விழுந்தது.

திரையில் பச்சையாக ஓடிக்கொண்டிருந்த நாடிக் கோடு திடீரென்று கிறுக்கலாக மாறியது. எண் சிவப்பாயிற்று. கருவி கீச்சென்று கத்தியது.

"அம்மா!" நர்ஸின் குரல் மாறிவிட்டது. "நெஞ்சு வலிக்குதா? சாஞ்சு உக்காருங்க. அசையாதீங்க!"

ஆபரேட்டரம்மா குனிந்து பார்த்தாள். ஸ்பேனர் முக்காலியிலிருந்து சரிந்து சுவரில் முதுகு கொடுத்துக் கிடந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. ஒரு கை நெஞ்சுச் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தது.

"விளையாடாதீங்க," என்றாள். அவர் நடிக்கக்கூடிய ஆள்தான்.

"வாயு... கேஸு..." என்றார் ஸ்பேனர். அதற்கப்புறம் வாய் மட்டும் அசைந்தது.

அவர் கன்னத்தைத் தட்டினாள்.

"அம்மா, சைரன் வண்டி கிளம்பிடுச்சு. பயப்படாதீங்க, நான் கூடவே இருக்கேன்."

"எனக்கில்ல..." மூச்சு அதற்குமேல் வரவில்லை. "அவருக்கு..."

"பேசாதீங்கம்மா! மூச்சைச் சேமிச்சு வைங்க. ஐயா எங்க? பக்கத்துல இருக்காரா? கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்க அவர."

ஆபரேட்டரம்மா கையைக் கீழே காட்டினாள். இன்னும் கீழே. இன்னும் வேகமாக.

"என்னம்மா கீழ? வயிறா? கால் வீங்கியிருக்கா?"

ஆயுசு முழுக்க அடுத்தவர் குரலை அடுத்தவர் காதில் கொண்டுபோய்ச் சேர்த்த பொம்பளை. ஒரு கையில் நாலு லைனைச் சமாளித்தவள். இப்போது தன் வீட்டில், தன் எதிரில் இருக்கிற ஒரு பெண்ணின் காதுக்கு நாலு வார்த்தையைக் கொண்டுபோக முடியவில்லை. டேப்லெட்டை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே திருப்பப் பார்த்தாள். இரட்டை நட்டு இம்மியும் அசையவில்லை. மேசையைப் பிடித்து இழுத்தாள். மேசை சிரித்தது.

சரி, கண்ணால் காட்ட முடியாவிட்டால் நம்பரால் காட்டுகிறேன் என்று ஒரு காரியம் செய்தாள். அதுதான் அவள் செய்த பெரிய தப்பு.

குனிந்து அவர் விரலிலிருந்து கிளிப்பைப் பிடுங்கித் தன் விரலில் மாட்டிக் கையை உயர்த்திக் காட்டினாள். பார், இதுதான் நான், முன்னால் வந்தது நானில்லை!

கிறுக்கல் நின்றது. கோடு சீராக ஓடியது. ஆக்ஸிஜன் எண்பத்தாறு.

நர்ஸ் நெடுமூச்சு விட்டாள். "அப்பாடா! நாடி அடங்கிடுச்சு. கிளிப்தான் நழுவியிருக்கு போல. என் உசிரே போயிட்டு வந்துதும்மா."

திரையின் அடியில் ஒரு பட்டை நீந்தி வந்தது. *அவசர வாகனம் வேறு அழைப்புக்கு மாற்றப்பட்டது. சாதாரண வாகனம் இன்று மாலைக்குள் வரும்.*

"வேண்டாம்!" ஆபரேட்டரம்மா அலறினாள். வெளியே வந்தது காற்று மட்டும். "அது... அவர் விரல். இத்தன நாளா... அவர் விரல்..."

நர்ஸின் கண்ணில் இரக்கம் வந்தது. வந்திருக்கவே கூடாத இரக்கம். "எண்பத்தாறு ஆயிடுச்சில்ல, அதான் பேச்சு குழறுது. ஆக்ஸிஜன் குறைஞ்சா எல்லாருக்கும் இப்படித்தான்மா. கண்ட கண்ட நினைப்பு வரும். மெஷினைக் கூட்டி விடறேன், கொஞ்சம் கண்ணை மூடிக்குங்க." பக்கத்தில் யாரிடமோ திரும்பி, "பேஷண்ட் குழப்பமா இருக்காங்க, நோட் பண்ணிக்க," என்றாள்.

உண்மையைச் சொன்னால் பைத்தியம் என்கிறார்கள். பொய்க்குத்தான் இந்த வீட்டுக்கு வண்டி வரும்.

அந்த யோசனை பளிச்சென்று விழுந்ததும் ஆபரேட்டரம்மா நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் மண்டியிட்டாள். மூக்குக் குழாய் இழுத்துப் பிடித்தது. அவ்வளவுதான் அதன் நீளம். பிடுங்கி எறிந்தாள். கிளிப்பைக் கழற்றி மறுபடி ஸ்பேனரின் விரலில் மாட்டினாள்.

மேலே கருவி கத்தவில்லை. சாந்தமாக ஒரு குரல் சொன்னது. "கிளிப் சரியாகப் பொருந்தவில்லை. தயவுசெய்து சரிசெய்யவும்."

அவர் விரல் ஐஸ் மாதிரி இருந்தது. நகம் வெளுத்திருந்தது. அங்கே ரத்தம் வரவில்லை. ரத்தம் வராத விரலை விரல் என்றே அந்தக் கருவி ஒத்துக்கொள்ளவில்லை.

"அம்மா? எங்க போயிட்டீங்க? திரைக்குள்ள வாங்கம்மா!"

ஆபரேட்டரம்மா அந்த விரலை உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள். கிளிப் பேசாமல் கிடந்தது. தேய்த்தாள். "என்னங்க. என்னங்க, கண்ணைத் தொறங்க. நான் வார்டுக்குப் போறேங்க. சத்தியமாப் போறேன். பிடிவாதம் பிடிக்க மாட்டேன்." அவர் இமை துடித்தது. துடித்ததா, அவள் கண்ணே துடித்ததா, தெரியவில்லை.

விரலை உதட்டருகே கொண்டுபோய் ஊதினாள். தனக்கே போதாத மூச்சு. ஒரு ஊதலுக்கு அவள் கண்ணில் பூச்சி பறந்தது. இன்னொரு ஊதலுக்குச் சுவர் சாய்ந்தது. விடவில்லை. உள்ளே கிடந்த கொஞ்சநஞ்சச் சூட்டையெல்லாம் திரட்டித் திரட்டி அந்த ஒற்றை விரலின்மேல் விட்டாள்.

அப்போதுதான் அவளுக்கு மண்டையில் அடித்த மாதிரி உறைத்தது. நாடி தாளம் தப்புகிறது என்று ஒரு மாதமாக அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாளே, யாருடைய நாடி அது? டாக்டர் அவசரமாக அனுப்பிய மாத்திரை யாருடைய நெஞ்சுக்கு? தினமும் அந்தத் திரை அவர்கள் இருவர் முகத்துக்கு நேராகச் சொன்னது, ஸ்பேனருக்கு நெஞ்சு சரியில்லை, ஸ்பேனருக்கு நெஞ்சு சரியில்லை என்று. இவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். அவருக்கு வந்த மாத்திரையை இவள் தண்ணீர் ஊற்றி முழுங்கினாள்.

"பாவி நான்," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை.

மேலே கருவி கீச்சென்று கத்தியது.

அந்தச் சத்தத்தைக் கேட்டு இப்படி யாரும் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள். கிறுக்கல் கோடு, சிவப்பு எண், திரையில் ஆளில்லாத நாற்காலி. நர்ஸ் பதறிவிட்டாள். "பேஷண்ட் கீழ விழுந்துட்டாங்க! சைரன் வண்டியைத் திருப்புங்க! உடனே! அம்மா, நான் பேசறது கேக்குதா? ஐயா, யாராவது இருக்கீங்களா?"

"இருக்கோம்," என்று ஆபரேட்டரம்மா மேசையின் அடிப்பலகையைப் பார்த்துச் சொன்னாள்.

படுக்கையறையில் அவளுடைய போன் அடிக்கத் தொடங்கியது. வெளியூரில் இருக்கும் மகள். அவள் போனிலும் அம்மாவின் எண்கள் தெரியும். தினமும் தொண்ணூற்றேழைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்புவாள். இன்று படம் அனுப்புகிற நாளில்லை. போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அவ்வளவு தூரம் போய்வர ஆபரேட்டரம்மாவிடம் மூச்சில்லை. ஸ்பேனரிடமோ போனே கிடையாது. "உன் போன்தான் என் போன்" என்பவர்.

விரலை விட்டால் சூடு போய்விடும். விடாவிட்டால் கதவைத் திறக்க ஆளில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரும் திடுதிப்பென்று நுழைந்துவிடக் கூடாதென்று காலை நேரத்தில் ஸ்பேனர் தாழ்ப்பாள் போட்டுவிடுவது வழக்கம்.

சைரன் தெருமுனையில் கேட்டதும்தான் விரலை விட்டாள். அவர் கையை அவர் அக்குளுக்குள்ளேயே செருகி வைத்துவிட்டுத் தவழ்ந்தாள். கதவு அந்தச் சின்ன வீட்டில் இவ்வளவு தொலைவில் இருக்கிறதென்று இதுவரை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. வெளியே கதவை இடித்தார்கள். "அம்மா! கதவைத் திறங்க! உள்ள யாரு?" நிலையைப் பிடித்து எழுந்து, இரண்டு கையாலும் தாழ்ப்பாளை இழுத்து, அது திறந்துகொண்ட வேகத்தில் வாசலுக்குள் நுழைந்தவர்கள்மேலேயே விழுந்தாள்.

தோள் அகன்ற ஒரு பெண். பின்னால் ஸ்ட்ரெச்சரோடு வழுக்கைத் தலை டிரைவர்.

"பிடிங்க, பிடிங்க. இவங்கதான். வயசான அம்மா, நெஞ்சு அட்டாக்." அந்தப் பெண் அவளை அலாக்காகத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் கிடத்தினாள். முகத்தில் மாஸ்க் வந்து அமர்ந்தது. இடுப்பில் பெல்ட் மாட்டினார் டிரைவர்.

ஆபரேட்டரம்மா மாஸ்க்கைப் பிடுங்கினாள். அந்தப் பெண் மறுபடி மாட்டினாள். மறுபடி பிடுங்கினாள்.

"அடம் பிடிக்காதீங்கம்மா, உதடெல்லாம் நீலமாயிருக்கு!"

"நான் இல்ல."

"எல்லாரும் அப்படித்தான்மா சொல்வாங்க. வண்டியில ஏத்துங்கண்ணே."

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. வாசற்படி வந்துவிட்டது. ஆபரேட்டரம்மா கையை நீட்டி டிரைவரின் சட்டைக் காலரைப் பிடித்தாள். பிடித்த பிடியில் பொத்தான் ஒன்று தெறித்தது. "பேர்தான் என்னுது," என்றாள். இழுத்து ஒரு மூச்சு. "நெஞ்சு அவரோடது."

டிரைவருக்குப் புரியவில்லை. ஆனால் அந்தப் பிடியில் குழப்பம் இல்லை என்பது மட்டும் புரிந்திருக்க வேண்டும். திரும்பி வீட்டுக்குள் பார்த்தார். காலி நாற்காலி. கத்திக்கொண்டிருக்கும் டேப்லெட். அதன் பக்கத்துக் கருவியிலிருந்து ஒரு வயர் மேசை விரிப்புக்குள் போகிறது.

"இந்த அம்மா கையில கிளிப் இல்லியே," என்றார் மெதுவாக. "அப்போ உள்ள கத்திட்டிருக்கறது யாரு நாடி?"

அந்தப் பெண் இரண்டே எட்டில் போய் விரிப்பைத் தூக்கினாள்.

"அடக் கடவுளே!"

அதற்கப்புறம் நடந்தது எல்லாமே சத்தம்தான். மேசையை உதைத்துத் தள்ளும் சத்தம். யானைக்கும் அசையாத டேப்லெட், மேசையோடு சேர்ந்து கவிழ்ந்தது. சட்டை கிழியும் சத்தம். நெஞ்சில் அழுத்தி அழுத்தி எண்ணும் சத்தம். "தள்ளிக்குங்க!" ஸ்பேனரின் உடம்பு துள்ளி விழுந்தது. எண்ணிக்கை மறுபடி தொடங்கியது. வாசலில் ஸ்ட்ரெச்சரில் கட்டுண்டு கிடந்த ஆபரேட்டரம்மா தன் இடுப்புப் பெல்ட்டைத் தானே தடவித் தடவி அவிழ்த்தாள். வண்டியில் இருப்பது ஒரு ஸ்ட்ரெச்சர். அதில்தான் அவள் கிடக்கிறாள்.

இறங்கிச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"வந்துடுச்சு! நாடி வந்துடுச்சு, லேசா இருக்கு. தூக்குங்கண்ணே!"

ஸ்பேனரைக் கிடத்தினார்கள். போகிற போக்கில் அந்தப் பெண் குனிந்து, "உங்களையும் விட்டுட்டுப் போக முடியாதும்மா, இன்னொரு வண்டி..." என்று தொடங்கினாள்.

"போங்க," என்றாள் ஆபரேட்டரம்மா. "போ. போடீ!"

போனார்கள். போவதற்கு முன் டிரைவர் அவளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, மூக்குக் குழாயை எடுத்து அவள் மூக்கில் மாட்டி, அடித்துக்கொண்டேயிருந்த போனைக் கொண்டுவந்து மடியில் வைத்து, கவிழ்ந்த டேப்லெட்டை மேசையோடு நிமிர்த்தி அவளைப் பார்க்க வைத்துவிட்டு ஓடினார். சைரன் தெருமுனை திரும்பித் தேய்ந்தது.

கிளிப் தரையில் கிடந்தது. எடுத்துத் தன் விரலில் மாட்டிக்கொண்டாள்.

எழுபத்தெட்டு.

திரையில் நர்ஸ் எதையோ அழுத்தினாள். மெஷினின் இரைச்சல் கடைசிப் படிவரை ஏறியது. பிறகு, "எத்தனை நாளாம்மா?" என்று கேட்டாள்.

"மழை ஆரம்பிச்சதுலருந்து."

"அந்த நம்பர நம்பித்தான் நான் உங்க மெஷினைக் குறைச்சுட்டே வந்தேன். ஒவ்வொரு தடவையும் நல்ல சேதின்னு சொல்லிட்டே." நர்ஸ் மூக்கை உறிஞ்சினாள். "ஒரு தடவை கேமராவைக் கீழ திருப்பச் சொல்லி நான் கேட்டிருக்கலாம்."

"நட்டு திரும்பாது," என்றாள் ஆபரேட்டரம்மா. சிரிக்க வந்தது. இருமலாக முடிந்தது. "அவரு... எங்க?"

"இதய ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. வண்டிக்குள்ள நாடி ஒரு தடவை நின்னு மறுபடி வந்திருக்கு. உங்களுக்கு வர்ற வண்டி நம்ம நுரையீரல் வார்டுக்கும்மா. ரெண்டும் வேற வேற ஆஸ்பத்திரி."

"கண்ணாடி வார்டு."

"ஆமாம்மா."

மடியில் போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுத்தாள்.

"அம்மா! உசிரே போச்சு எனக்கு! எழுபத்தெட்டுன்னு காட்டுதே, கிளிப் சரியா இருக்கா?"

"இது சரியா இருக்கு," என்றாள். "இதான் என்னோடது."

"அப்பாகிட்ட குடும்மா."

ஆபரேட்டரம்மா மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். கைவசம் இருப்பது ஏழெட்டு வார்த்தைக்கான காற்று. மன்னிப்புக் கேட்பதா, நடந்ததைச் சொல்வதா? இரண்டுக்கும் போதாது.

"அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக். இதய ஆஸ்பத்திரி. அங்க போ."

"அம்மா, என்னம்மா சொல்ற? உனக்குத்தானே... அப்போ நீ? உன்கிட்ட யாரு இருக்கா? நான் உன்கிட்ட வரேன்!"

"என்கிட்ட வராத!" அடித் தொண்டையிலிருந்து வந்தது. எக்ஸ்சேஞ்சில்கூட யாரையும் அவள் இப்படி அதட்டியதில்லை. "கண்ணாடிக்கு வெளிய நின்னு என்ன பண்ணுவே? அவருக்குக் கையைப் பிடிக்க ஆள் வேணும். ஐஸ் மாதிரி இருக்கு. தேய்க்கணும்."

மகள் அழுவது கேட்டது. பிறகு சாவிக்கொத்துச் சத்தம், கதவு அடைபடும் சத்தம். கிளம்பிவிட்டாள்.

ஆபரேட்டரம்மா போனை மடியில் நழுவவிட்டாள். கண் இருண்டுகொண்டு வந்தது. திரைக்குள் நர்ஸின் பின்னால் யாரோ வந்து அடுத்த பேஷண்ட் காத்திருப்பதாகச் சொன்னார்கள். நர்ஸ் திரும்பாமலே கையை ஆட்டி அவர்களை விரட்டினாள்.

"தூங்காதீங்கம்மா. வண்டி வர்ற வரைக்கும் ஏதாவது பேசுங்க. ஐயாவோட நிஜப் பேர் என்ன? அங்க கேக்கறாங்க. அவர் பேர் எங்க யாருகிட்டயும் இல்ல."

ஆபரேட்டரம்மா கண்ணைத் திறந்தாள். திரையை நெருங்கி உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மூச்சாக, புருஷனின் பெயரைச் சொல்லத் தொடங்கினாள்.